மேடானில் வீடு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கிலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மேடானில் இறங்கிவிடலாம். வட சுமத்ராவின் தலைநகரான இந்த ஊரோடு தமிழருக்குப் பழைய பந்தம் உண்டு. 1860களில் தொடங்கிய டெலி புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்ய வந்தவர்களின் வழியினர் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். கம்போங் மெட்ராஸில் 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் ஊரின் அடையாளங்களில் ஒன்று. உறவு பார்க்க வந்தவர்கள், வேலை மாற்றலில் வந்தவர்கள், இங்கே மணம் முடித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் அந்த எண்ணம் தோன்றிவிடுகிறது: ஒரு வீடு வாங்கிப் போட்டால் என்ன? எண்ணத்தில் குற்றமில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணம் ஒரு கையெழுத்தில் முடங்கிவிடக்கூடிய ஊர் இது என்பதால் இதை எழுதுகிறேன்.

விலையைப் பார்த்துவிட்டுப் பத்திரத்தை மறப்பது

மேடானில் ஒரு வீடு அக்கம்பக்கத்து வீடுகளைவிடக் கணிசமாக மலிவாக இருந்தால், அதற்கான காரணம் பெரும்பாலும் சுவரில் இருக்காது, பத்திரத்தில் இருக்கும். இங்கே விற்பனைக்கு வரும் வீடுகளின் விளம்பரத்திலேயே பத்திரத்தின் வகையையும் குறிப்பிடுவார்கள். 'எஸ்.எச்.எம்.' என்றால் முழு உரிமைச் சான்றிதழ். 'எச்.ஜி.பி.' என்றால் குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டட உரிமை. முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30 என்று கணக்கு. மூன்றாவதாக ஒன்று உண்டு: 'எஸ்.கே. சாமாட்'. சாமாட் என்பவர் கெச்சாமாத்தான் எனப்படும் வட்டத்தின் தலைவர். அவர் முன்னிலையில் எழுதப்பட்ட உரிமை மாற்றக் கடிதம்தான் அது. நிலப் பதிவு அலுவலகம் தரும் சான்றிதழ் அல்ல.

சாமாட் கடிதத்தோடு தலைமுறை தலைமுறையாக நிம்மதியாக வாழும் குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். எல்லாமே மோசடி என்று சொல்லவில்லை. ஆனால் அதே நிலத்துக்கு இன்னொருவர் கையில் இன்னொரு கடிதம் இருக்க வாய்ப்புண்டு. வங்கிகள் அதன்மேல் கடன் தரத் தயங்கும். விற்கப் போகும்போது வாங்குவோர் வட்டமும் சுருங்கிவிடும். தெரிந்தே, விலையில் அதற்கான தள்ளுபடியைப் பெற்று வாங்குவது ஒன்று. சான்றிதழ் என்று நம்பி வாங்குவது வேறு.

இந்தக் குழப்பத்தின் வேர் தோட்ட வரலாற்றில் இருக்கிறது. மேடானைச் சுற்றியுள்ள நிலம் ஒரு காலத்தில் டச்சுப் புகையிலை நிறுவனங்களுக்கு டெலி சுல்தான் கொடுத்த குத்தகை நிலம். சுல்தான் தனியாருக்கும் நிலப் பட்டயங்கள் கொடுத்தார். 'கிராண்ட் சுல்தான்' என்ற பெயரில் அவை இன்றும் வழக்குகளில் தலைகாட்டுகின்றன. விடுதலைக்குப் பின் தோட்டங்கள் தேசியமயமாகி அரசுத் தோட்ட நிறுவனத்தின் கைக்கு வந்தன. பின்னர் அவற்றில் ஏறத்தாழ 5,873 ஹெக்டேருக்குப் பயிரிடும் உரிமை நீட்டிக்கப்படவில்லை. அந்த நிலத்துக்குக் குடியேறியவர்கள், பழைய உழவர்கள், மரபுக் குழுக்கள், இடைத்தரகர்கள் என்று பல தரப்பினர் உரிமை கோருகிறார்கள். ஹெல்வெத்தியா, சம்பாலி என்று நகர எல்லையை ஒட்டி விலை மலிவாகச் சொல்லப்படும் மனைகளில் 'காராப்பான்' என்ற சொல் காதில் விழுந்தால், அங்கேயே நின்று விசாரியுங்கள். உரிமை தீராத சாகுபடி நிலம் அது.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுபவர்கள் பொலோனியா வட்டத்தின் சாரி ரெஜோ பகுதியைப் பார்க்க வேண்டும். விமானப்படை உரிமை கோரும் அந்த நிலத்தில் குடியிருப்போருக்கு 1995இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சாதகமாக வந்தது. ஆனால் அதன் பிறகும் பல ஆண்டுகள் அவர்கள் சான்றிதழுக்காகப் போராட வேண்டியிருந்தது.

சான்றிதழ் இருந்தாலும் அதை வாசித்தாக வேண்டும். பழைய சான்றிதழ் பச்சை அட்டைப் புத்தகமாக இருக்கும். முதல் பக்கத்தில் உரிமையாளர் பெயரைப் பார்த்துவிட்டு மூடி வைப்பவர்களே அதிகம். உள்ளே உரிமை மாற்றங்கள் பதிவான பக்கத்துக்குப் போங்கள். வங்கி அடமானம் இருந்தால் அங்கே 'ஹாக் தாங்குங்கான்' என்று பதிந்திருக்கும், அடைத்த கடன் என்றால் அது நீக்கப்பட்ட பதிவும் இருக்க வேண்டும். பிறகு அளவீட்டு வரைபடம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அளவு நாடாவைப் பிடியுங்கள். முகப்பு 8 மீட்டர் என்று வரைபடம் சொல்லி, மதில் 9 மீட்டருக்கு ஓடினால், அந்த ஒரு மீட்டர் சாக்கடையின் இடமாகவோ பக்கத்து வீட்டுக்காரரின் இடமாகவோ இருக்கலாம். இதற்குப் பிறகு, நிலப் பத்திரம் எழுதும் அதிகாரம் பெற்ற பி.பி.ஏ.டி. வழியாக நிலப் பதிவு அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முடக்கம், வழக்கு, இரட்டைப் பதிவு எல்லாம் அங்கேதான் வெளிவரும். அந்தப் பி.பி.ஏ.டி.யை நீங்களே தேர்ந்தெடுங்கள். விற்பவர் அழைத்துவரும் ஆள் வேண்டாம். முன்பணம் இதற்குப் பிறகுதான்.

ஒரே ஒரு வாரிசிடம் வாங்குவது

பாடாங் பூலான் பக்கம் காரோ இனக் குடும்பங்களின் பழைய வீடுகள் நிறைய இருக்கின்றன. தந்தை பெயரில் சான்றிதழ், தந்தை இறந்துவிட்டார், வீட்டில் இருக்கும் மகன் விற்கிறார். மற்ற உடன்பிறந்தார் ஜகார்த்தாவிலும் பாத்தாமிலும் இருப்பார்கள். "அவர்களிடம் பேசிவிட்டேன்" என்ற வாய்ச்சொல் போதாது. வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது முறையான அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் பத்து ஆண்டு கழித்து அவர் வாசலில் வந்து நிற்கலாம். இது எந்த இனத்துக்கும் பொருந்தும், தமிழ்க் குடும்பங்களுக்கும் கூட.

வேறொருவர் பெயரில் வாங்குவது

வெளிநாட்டவர் செய்யும் தவறுகளில் மிகக் கொடியது இது. இந்தோனேசியாவில் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே. அதனால் நம்பிக்கையான நண்பர், ஓட்டுநர், மனைவியின் அண்ணன் என்று யாராவது ஒருவர் பெயரில் வாங்கி, பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம், பிரிவு 26, இதை நேராகவே தடுக்கிறது. முழு உரிமையை நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு மாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது. நிலம் அரசுக்குப் போகும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. நண்பர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் இறந்தால் வீடு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அவர்களுக்கு உங்களைத் தெரிந்திருக்கக்கூட வேண்டியதில்லை.

சட்டப்படியான வழி பயன்பாட்டு உரிமை, 'ஹாக் பாக்காய்'. 2021ஆம் ஆண்டு அரசாணை 18இன்படி 30, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30 என மொத்தம் 80 ஆண்டுகள் வரை கிடைக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு மனை, 2,000 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது பொது வரம்பு. மாநிலவாரியாகக் குறைந்தபட்ச விலையும் உண்டு என்பதால் மலிவான வீடுகள் வெளிநாட்டவருக்கு எட்டாது. இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டும் இருக்கப்போகிறவர்கள் வாடகைக்குப் போவதே மேல். வீட்டு வாடகையை ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே மொத்தமாகக் கேட்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

இந்தோனேசியரை மணந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் இல்லாவிட்டால் மனைவியோ கணவரோ வாங்கும் நிலம் கூட்டுச் சொத்தாகிவிடும். அதனால் இந்தோனேசியக் குடிமகளுக்கே முழு உரிமை பெறுவதில் சிக்கல் வரும். முன்பு இந்த ஒப்பந்தத்தைத் திருமணத்துக்கு முன்போ திருமண நாளன்றோ செய்தாக வேண்டியிருந்தது. 2016இல் வெளியான அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு திருமணத்துக்குப் பின்னும் செய்யலாம். வீட்டைத் தேடுவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

வெயில் நாளில் மட்டும் வீட்டைப் பார்ப்பது

டெலி ஆறும் பாபுரா ஆறும் நகரின் நடுவில் சேர்கின்றன. மேலே சிபோலாங்கிட் மலைப்பக்கம் பெரும் மழை பெய்தால், மேடானில் தூறல்கூட இல்லாத இரவில் ஆறு கரைபுரளும். ஆற்றோரக் கம்போங் ஆவூர் மக்களுக்கு இது பழகிப்போன துயரம். 2025 நவம்பர் இறுதியில் சுமத்ராவைத் தாக்கிய பெருமழையில் நகரின் பல பகுதிகள் மூழ்கின. வடக்கே பெலாவானில் கடல் ஏற்றத்தால் வரும் வெள்ளம் தனிக் கதை.

மழை பெய்து முடிந்த மாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வீட்டின் தரை சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். மேலே மேலே தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போக, பழைய வீடுகள் பள்ளத்தில் சிக்கிவிடும். மதிலில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுச் சாயம் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். விற்பவரைவிட எதிர்க்கடைக்காரர் உண்மையைச் சொல்வார். குழாய்த் தண்ணீர் வருகிறதா, ஆழ்துளைக் கிணறா என்பதையும் விசாரியுங்கள்.

மாணவர் வாடகையைப் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடுவது

வட சுமத்ரா பல்கலைக்கழகம் பாடாங் பூலானில் இருப்பதால் அதைச் சுற்றி 'கோஸ்' எனப்படும் மாணவர் அறைகள் நிறைந்திருக்கின்றன. அறை ஒன்றுக்கு இத்தனை, பத்து அறைக்கு இத்தனை, பன்னிரண்டு மாதத்துக்கு இத்தனை என்று பெருக்கிப் பார்த்து மகிழ்வது சுலபம். விடுமுறையில் அறைகள் காலியாகும். 2020இல் வகுப்புகள் இணையத்துக்குப் போனதும் மாணவர்கள் ஊருக்குத் திரும்பியதை அங்குள்ள உரிமையாளர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். காப்பாளர் சம்பளம், தண்ணீர் மோட்டார், கழிவறைப் பழுது இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதே வருமானம்.

கொள்முதல் செலவிலும் இப்படித்தான். வாங்குபவருக்கு நில உரிமை வரி, விலக்குத் தொகை போக 5 சதவீதம். விற்பவருக்கு வருமான வரி 2.5 சதவீதம், பத்திரச் செலவு தனி. வரியைக் குறைக்கப் பத்திரத்தில் குறைந்த விலை எழுதலாம் என்று விற்பவர் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னால் தகராறு வந்தால் பத்திரத்தில் எழுதிய தொகையைத்தான் உங்களால் நிரூபிக்க முடியும்.

கெப்லிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

ஜாவா நகரங்களில் ஆர்.டி., ஆர்.டபிள்யூ. தலைவர்கள் செய்யும் வேலையை மேடானில் செய்பவர் கெப்லிங், அதாவது குடியிருப்புப் பகுதித் தலைவர். குடியேறிய முதல் வாரத்திலேயே அடையாள ஆவணங்களின் நகலோடு அவர் வீட்டுக்குப் போங்கள். குப்பைக்கும் இரவுக் காவலுக்கும் எவ்வளவு கட்ட வேண்டும், விருந்தினர் தங்கினால் எப்போது தெரிவிக்க வேண்டும் என்பதை அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். வீட்டைத் திருத்திக் கட்டப்போகிறீர்கள் என்றால் செங்கல் இறங்குவதற்கு முன்பே அவரிடம் சொல்லுங்கள். சரக்கு லாரி வாசலில் நின்றதும் 'இறக்குக் கூலி' கேட்டு வரும் குழுக்களிடம் பேச அவர் துணை வேண்டியிருக்கும்.

அக்கம்பக்கத்தில் சாவு நடந்தால் போய் நில்லுங்கள். பாத்தாக் இனக் குடும்பத்துக் கல்யாணத்துக்குத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டால் காரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு, அழைப்பு வந்திருந்தால் உறையில் பணம் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள்.