டெல்டாவால் பெருக்கியும் மாறிய தாவல் உயரம்

கோடோ (Godot) என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் நாங்கள் செய்துவந்த விளையாட்டு ஒரே ஒரு தாவலில் சிக்கி நின்றது. என் கணினியில் மேடை ஏறும் பாத்திரம், பழைய மடிக்கணினியில் விளிம்பைத் தொடாமலே விழுந்தது. மோதல் எல்லைகளை மாற்றினேன், பலனில்லை. தாவல் வேகத்தைக் கூட்டினால் வேகமான கணினியில் மேல்தளத்துக்கே போய்விட்டது. சிறு குழுக்கள் இந்த இடத்தில்தான் லெவல்களைத் திரும்பத் திரும்ப வரைந்து களைத்துப்போகின்றன.

எல்லாமே டெல்டாவால், அதாவது முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால், பெருக்கப்பட்டிருந்ததால் ஃபிரேம் வேகத்தின் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதன்) மேல் சந்தேகமே வரவில்லை. அப்புறம் உச்ச உயரத்தை அச்சிட்டுப் பார்த்தேன்: நொடிக்கு 30 ஃபிரேமில் குறைவு, 144இல் அதிகம். ஒவ்வொரு ஃபிரேமிலும் முதலில் வேகத்தில் ஈர்ப்பைச் சேர்த்துவிட்டு பிறகு நகர்த்தினால், தொடக்க வேகத்தை ஃபிரேம் நேரத்தால் பெருக்கி வருவதில் பாதியளவு உயரம் குறையும்.

நகர்வுக் குறியீட்டை, ஃபிரேம் வேகத்தைச் சாராமல் சீரான இடைவெளியில் ஓடும் பிசிக்ஸ் ப்ராசஸுக்கு மாற்றினேன். அது இயல்பாக நொடிக்கு 60 முறை ஓடும். உயரம் எங்கும் ஒன்றானது, பெரிய நிம்மதி. 144 ஹெர்ட்ஸ் திரையில் லேசான நடுக்கம் மிஞ்சியது. இரு பிசிக்ஸ் கணக்கீடுகளுக்கு இடைப்பட்ட நிலைகளை நிரப்பிக் காட்டும் பிசிக்ஸ் இன்டர்பொலேஷனை இயக்கியதும் அதுவும் போனது.