காசு செலவில்லாமல் மூடாக்கு: வன்னி வீட்டுத்தோட்டத்துக்கு ஒரு செய்முறை

வன்னியில் அனேகமான வளவுகளில் காலையில் முற்றம் கூட்டுவார்கள், சருகை மூலையில் குவிப்பார்கள், பின்னேரம் நெருப்பு வைப்பார்கள். அதே வளவில் ஆவணி வெயிலுக்குக் கத்தரி வாடுகிறதென்று காலையும் மாலையும் தண்ணீர் இறைப்பார்கள். முதல் வேலையை விட்டால் இரண்டாவது வேலை நன்றாகக் குறையும். எரிக்கிற சருகுதான் மூடாக்கு.

செடியைச் சுற்றி வெறும் மண் தெரியாதபடி போடும் படைதான் மூடாக்கு. விவசாயப் போதனாசிரியர்கள் பத்திரக்கலவை என்று சொல்வதும் இதைத்தான். எங்கள் பக்கம் மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். சித்திரையில் கொஞ்சம் தூறும். மற்ற மாதங்களில் வெயிலும், வைகாசியில் பிடித்தால் புரட்டாதி வரை விடாத சோளகக் காற்றும்தான். செம்மண் காய்ந்தால் மண்வெட்டி இறங்காத அளவுக்கு இறுகிவிடும். மேலே ஒரு படை இருந்தால் வெயில் நேரே மண்ணில் விழாது, ஈரம் நிற்கும், களை விதைகள் வெளிச்சமில்லாமல் முளைக்கத் திணறும், மாரியில் மழைத்துளி மண்ணை அடித்து இறுக்காது. மெல்ல உக்கி எருவாகவும் மாறும்.

கடையில் விற்கும் வெள்ளி நிறப் பொலித்தீன் விரிப்பைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நாலு பாத்திக்கு அது தேவையில்லை. வெயிலில் கிழிந்து மண்ணோடு கலந்த துண்டுகளைப் பொறுக்குவதும் பெரிய தலையிடி.

1. எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் பாருங்கள்

10 அடி நீளம், 3 அடி அகலமான பாத்திக்கு 3 அங்குலத் தடிப்பில் போட ஏழரைக் கன அடி பொருள் வேண்டும். 50 கிலோ யூரியா வந்த வெறும் உரப்பையில் ஏறக்குறைய இரண்டரைக் கன அடி கொள்ளும். ஆகவே உமி, மரத்தூள் என்றால் மூன்று பை போதும். சருகும் வைக்கலும் போட்ட சில நாளிலேயே படிந்துவிடும், அதனால் ஐந்தாறு பை சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒரு பாத்தியோடு நில்லுங்கள். வளவு முழுக்க ஒரேயடியாக மெல்லிசாகத் தூவினால் ஈரமும் நிற்காது, களையும் அடங்காது.

2. பொருள் தேடுதல்

வளவுக்குள்ளேயே தொடங்குங்கள். வேம்பு, மா, பலா, பூவரசு எல்லாவற்றின் சருகும் ஆகும். தேக்கஞ் சருகு பெரிது. அதை முழுசாகப் போட்டால் தட்டுத் தட்டாக ஒட்டி, ஊற்றும் தண்ணீரை வெளியே வழியவிடும். காய்ந்தபின் உரப்பையில் போட்டு மிதித்து நொறுக்கினால் சரி. யூகலிப்டஸ் சருகை மட்டும் கன்றுகளுக்குக் கிட்ட வைக்காதீர்கள், முளைக்கிற விதையை அது அடக்கும்.

வைக்கல்தான் வன்னியின் பெரிய செல்வம். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிய, வெட்டும் மெசின் போன வழியெல்லாம் வயலில் வைக்கல் கிடக்கும். மாடு வைத்திருப்பவர் தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொண்டு போவார், மிச்சத்துக்குப் பலர் நெருப்பு வைப்பார்கள். அதற்கு முன்னர் வயல்காரரிடம் கேட்டால் அனேகமாக மறுக்கமாட்டார். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் என்று பெரிய குளங்களின் கீழ் வயல் உள்ள ஊர்களில் ஒரு லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டி வைக்கலுக்கு ஏற்று கூலி மட்டும்தான் செலவாகும். மழையில் நனைந்து கறுத்த வைக்கலை மாடு தின்னாது, ஆனால் மூடாக்குக்கு அதுதான் இன்னும் நல்லது. வைக்கலில் ஒட்டியிருக்கும் நெல் முளைக்கும், அது சிறிய தொல்லை. முளைத்ததும் பிடுங்கி அதே இடத்தில் போட்டுவிடுங்கள்.

உமி நெல்லாலையில் கிடைக்கும். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆனால் நெல் அவிக்க ஆலைக்காரரே அதை எரிப்பார், கோழிப்பண்ணைக்காரரும் கேட்டு வருவார்கள், ஆகவே எல்லா ஆலையிலும் சும்மா கிடைக்காது. உமியில் மணற்சத்தான சிலிக்கா அதிகம், அதனால் உக்க நெடுநாள் எடுக்கும். நெடுநாள் நிற்க வேண்டிய இடத்துக்கு அது நல்லது. சோளகம் அள்ளிக்கொண்டு போகும், மாரி வெள்ளம் மிதக்கவைத்துக்கொண்டு போகும் என்பதுதான் அதன் குறை.

கச்சான் போடும் ஊர்களில் காய் ஆய்ந்தபின் எஞ்சும் கொடியும் கோதும், வவுனியாப் பக்கம் உழுந்து அடித்தபின் மிஞ்சும் கொடியும் அருமையான பொருள். இரண்டும் அவரை இனம் என்பதால் தழைச்சத்து, அதாவது நைதரசன், வைக்கலைவிடக் கூடுதலாக இருக்கும், கெதியாக உக்கும்.

பனங்காணி உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலி அடைத்து இற்றுப்போன பழைய ஓலையைத் தோட்டத்துக்குத் தாழ்ப்பது வடக்கில் பழைய வழக்கம். காவோலையைச் சாணளவு துண்டுகளாக வெட்டி, மட்டையை விறகுக்கு ஒதுக்கிவிட்டு, ஓலையை மட்டும் பாத்திக்கு எடுங்கள். பொச்சுமட்டையை வாழை, தென்னை, தேசி அடிக்கு வைக்கலாம். வெளித்தோல் மேலே பார்த்தபடி கவிழ்த்து அடுக்குங்கள். சிரட்டையைப் போடவே வேண்டாம், அதில் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்புக்கு நாங்களே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பச்சை இலைக்கு வேலிக் கிளிசரியா, அதாவது சீமைக்கிளுவை, போல வேறொன்றில்லை. 2021 இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது இந்த மரத்துக்கு இருந்த மவுசு, உரம் திரும்பி வந்ததும் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். காய்ந்த எடையில் நூற்றுக்கு மூன்று, நாலு பங்கு தழைச்சத்து உள்ள இலை அது. சில கிழமைகளிலேயே உக்கிப் போய்விடும் என்பதால், தனியே மூடாக்காக நம்பாமல் வைக்கலுக்குக் கீழே ஒரு படையாகப் போடுங்கள்.

கடைகளில் வெளியே வைக்கும் காட்போட் பெட்டிகளும் ஆகும். செலோரேப், கம்பிகளைக் கழற்றி, நனைத்து, களை மண்டிய இடத்தில் ஒன்றன் விளிம்பு மற்றதன்மேல் ஏற விரித்து, அதன்மேல் சருகு போட்டால் கோரைப்புல் தவிர மற்றவை அடங்கும். கோரை துளைத்துக்கொண்டு வரும், அதைக் கிழங்கோடு தோண்டத்தான் வேண்டும். மரக்காலையில் கிடைக்கும் மரத்தூளும் நல்லதுதான், பிளைவூட் வெட்டிய தூளை மட்டும் வாங்காதீர்கள்.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. பூத்த பார்த்தீனியம் ஒரு செடி வந்தாலும் தோட்டம் முழுக்கப் பரவும், தொட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும். நோய் விழுந்த கத்தரி, மிளகாய்ச் செடியைத் திரும்பத் தோட்டத்தில் போடாதீர்கள். சருகுக்காகக் காட்டுக்குள்ளும் பற்றைக்குள்ளும் இறங்க வேண்டாம். ஒதுக்கிய காட்டில் கை வைக்க வனவளத் திணைக்களம் விடாது. அதைவிட முக்கியம், மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் வடக்கில் இன்னும் இருக்கின்றன. சிவப்பு எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி ஒரு கூடை சருகுக்காகப் போகத் தேவையில்லை.

3. போடும் முறை

முதலில் களை பிடுங்குங்கள். பிறகு மண் ஆழமாக நனையும்படி தண்ணீர் விடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள், காய்ந்த மண்ணை மூடினால் காய்ச்சலைத்தான் பூட்டி வைக்கிறீர்கள். மேலே விடும் கொஞ்சத் தண்ணீரைச் சருகே குடித்துவிடும்.

அதன்மேல் மாட்டெருவோ ஆட்டெருவோ ஒரு கைப்பிடி தூவுங்கள். வைக்கல், உமி, மரத்தூள் மூன்றிலும் தழைச்சத்து மிகக் குறைவு, அவற்றை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணின் மேற்படையிலிருந்து இழுக்கும். மேலே மட்டும் கிடக்கும்வரை இது பெரிதாகப் பாதிக்காது. மண்ணோடு கொத்திக் கலந்தால்தான் செடி மஞ்சளாகும். மரத்தூளை ஒருபோதும் மண்ணுக்குள் கொத்தாதீர்கள்.

இப்போது மூடாக்கை விரியுங்கள். மிளகாய், கத்தரி, தக்காளி, வெண்டிக்கு 2 முதல் 3 அங்குலம். வாழை, பப்பாசி, தேசிக்கு 4 அங்குலம், கிளை விரிந்திருக்கும் அளவுக்கு. தண்டைச் சுற்றி மூன்று விரல் இடைவெளி விடுங்கள். தண்டோடு ஒட்டி ஈரமாகக் கிடந்தால் அடி அழுகும், கறையானும் ஏறும். கீரை, பயிற்றை போன்று விதை போட்டு முளைக்கவைப்பவற்றுக்குக் கன்று ஒரு சாண் வளரும்வரை பொறுத்திருங்கள்.

கடைசியாக மேலே கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சருகு படிந்து காற்றுக்கு நிற்கும். சோளகம் நேரே அடிக்கும் வளவென்றால் மேலே காவோலை மட்டையையோ கிளுவைத் தடியையோ குறுக்கே போட்டு அமர்த்துங்கள்.

எப்போது திரும்பத் தண்ணீர் விடுவது என்று நாள் கணக்குப் பார்க்காதீர்கள். மூடாக்கை விலக்கி, விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விடுங்கள். ஈரம் பட்டால் இன்றைக்கு இறைப்பு வேண்டாம்.

4. வரக்கூடிய தொல்லைகள்

கறையான் வரும். வன்னியில் வராவிட்டால்தான் ஆச்சரியம். அது பெரும்பாலும் காய்ந்த பொருளைத்தான் தின்னும், ஆனால் காய்ந்துபோன பாத்தியில் இளங்கன்றின் அடியையும் விடாது. மூடாக்கை ஈரமாக வைத்திருங்கள், தண்டு இடைவெளியை அடிக்கடி பாருங்கள். கீழே வேப்பம் இலை ஒரு படை போடுபவர்கள் உண்டு, வேப்பம் புண்ணாக்கும் போடலாம். வீட்டுச் சுவரோடு மட்டும் மூடாக்கு வேண்டாம், கறையான் அங்கிருந்து நிலைக்கும் கூரைக்கும் ஏறும்.

அப்புறம் பாம்பு. சருகுக்குள் சுருட்டைவிரியனும் புடையனும் படுத்திருப்பது இங்கே அதிசயமில்லை. வாசலுக்கும் கிணற்றடிக்கும் போகும் பாதையோரங்களை வெறுமையாக விடுங்கள். பாத்தியில் 3 அங்குலத்துக்கு மேல் குவிக்காதீர்கள். சேர்த்து வைத்த சருகுக் குவியலைக் கையால் அள்ளாமல் நீண்ட தடியால் கிளறிவிட்டு எடுங்கள். இருட்டில் தோட்டத்துக்குப் போனால் ரோச் லைற்றும் செருப்பும் வேண்டும்.

கோழி ஒரு மத்தியானத்துக்குள் முழுப்பாத்தியையும் கிளறிவிடும். கட்டாக்காலி மாடு வைக்கலைத் தேடி வந்து கத்தரியையும் தின்றுவிட்டுப் போகும். வேலி இல்லாத தோட்டத்துக்கு வைக்கலைவிட உமியும் ஓலையும் பாதுகாப்பு.

5. மாரிக்கு மாற்றுங்கள்

ஐப்பசி மழை தொடங்கும்போது அதே தடிப்பை விட்டுவைத்தால் வேர் அழுகும், நத்தை சேரும். முதல் பெருமழைக்கு முன்னர் மூடாக்கை ஒரு அங்குலமாகக் குறைத்து, எடுத்ததை வாழை அடிக்குத் தள்ளுங்கள். வாழை எவ்வளவு கொடுத்தாலும் வாங்கும். பாதி உக்கிக் கறுத்த, அடியிலுள்ள படையைப் பாத்தி மண்ணோடு கலந்து மாரிக்கால நடுகைக்குப் பயன்படுத்தலாம். தண்ணீர் நிற்கும் களித்தரை என்றால் பாத்தியை அரை அடி உயர்த்தியபிறகே மூடாக்கைப் பற்றி யோசியுங்கள்.

தையில் மழை விட்டதும் திரும்பத் தடிப்பாக்க வேண்டும். ஆனால் புது வைக்கல் மாசியில்தான் வரும். அந்த இடைவெளிக்காகப் போன வருட வைக்கலில் இரண்டு பையை மாட்டுக் கொட்டில் மூலையில், நிலத்தில் படாமல் தடிமேல் வைத்து, மழை படாத இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.