ரோட்டில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் சாவியைத் தேடாதீர்கள், மணியைப் பாருங்கள்

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் திடீரென்று விழுந்து கை கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தால், உடனே கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்: "யார்கிட்டயாவது சாவி இருக்கா?" நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இரும்புக்கும் வலிப்பு நிற்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மூளையின் நரம்பணுக்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் மின்சைகைகளை அனுப்புவதால் வருவது வலிப்பு, அது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி வாங்கி, இறுகிப்போன விரல்களைப் பிரித்து உள்ளே திணிப்பதற்குள் அந்த நேரம் முடிந்துவிடுகிறது, பெயர் சாவிக்குப் போகிறது. அவருக்கு மிஞ்சுவது உள்ளங்கையில் காயம்தான்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது செல்போனில் மணி பார்ப்பது. பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடம் போலத் தெரியும், அதனால் குத்துமதிப்பாகச் சொல்ல முடியாது. ஏன் இது முக்கியம் என்றால், 5 நிமிடத்தைத் தாண்டிய வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், அது அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை.

அப்புறம் சுற்றியுள்ள கல், கண்ணாடி, நாற்காலி எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். தலைக்கடியில் துண்டோ துப்பட்டாவோ மடித்து வையுங்கள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். தசைகள் அவ்வளவு வேகத்தோடு இழுக்கும்போது நான்கு பேர் சேர்ந்து அழுத்தினால் தோள்பட்டை இறங்கிவிடலாம், இழுப்பு மட்டும் ஒரு வினாடிகூடக் குறையாது.

வாயில் எதையும் வைக்காதீர்கள். ஸ்பூன், துணி, உங்கள் விரல், எதுவுமே வேண்டாம். நாக்கை விழுங்கிவிடுவார் என்ற பயம் பலருக்கு இருக்கிறது, நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கடித்துக்கொள்ளலாம், கொஞ்சம் ரத்தம் வரலாம், ஆறிவிடும். ஆனால் ஸ்பூன் வைத்து உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போனால் அது வேறு கதை.

இழுப்பு தணிந்ததும், முடிந்தால் அதற்கு முன்பேகூட, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அவருக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்காருங்கள். உங்கள் பக்கம் உள்ள கையை வெளியே நீட்டி வையுங்கள். மறுபக்கத்துக் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை உங்கள் பக்கக் கன்னத்தில் படும்படி வையுங்கள். மறுபக்கத்து முழங்காலை மடக்கி, அதைப் பிடித்து உங்களை நோக்கி இழுத்தால் உடம்பு தானாகப் புரளும். தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, வாய் தரையைப் பார்க்கும்படி வையுங்கள். எச்சிலும் நுரையும் வெளியே வடிந்துவிடும், மூச்சு சீராகும். எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம், வீட்டில் ஒரு தடவை யாரையாவது படுக்க வைத்துப் பழகிப் பாருங்கள்.

108-ஐ எப்போது கூப்பிடுவது? வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால், முழுதாக நினைவு திரும்பும் முன் இன்னொரு வலிப்பு வந்தால், தலையில் அடிபட்டிருந்தால், தண்ணீரில் வந்திருந்தால், கர்ப்பிணி அல்லது சர்க்கரை நோயாளி என்றால், இதுதான் முதல் வலிப்பு என்றால். யாரென்றே தெரியாதவர் என்றால் யோசிக்காமல் கூப்பிடுங்கள். இழுப்பு நின்ற பிறகும் மூச்சு வரவில்லை என்றால் உடனே சிபிஆர் (நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காக்கும் முதலுதவி) தொடங்க வேண்டும்.

வலிப்பு நின்ற பிறகு சிலர் மலங்க மலங்க விழிப்பார்கள், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது, சிறுநீர் போயிருக்கலாம். ஒரு துணியால் மூடிவிட்டு, கூட்டத்தைக் கலையச் சொல்லுங்கள். தண்ணீர், சோடா எதுவும் இப்போது வேண்டாம், தெளிவாகப் பேசி, விழுங்க முடிகிறது என்று தெரிந்த பிறகு கொடுக்கலாம். அதுவரை பக்கத்திலேயே இருங்கள்.

வீட்டிலேயே வலிப்பு உள்ளவர் இருந்தால் ஒரு வார்த்தை. "ரொம்ப நாளா வரலையே" என்று மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாதீர்கள். கட்டுக்குள் இருந்த வலிப்பு திரும்ப வருவதற்குப் பெரிய காரணம் மாத்திரை விட்டுப்போவதுதான், தூக்கம் கெடுவதும் கூட. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். பாத்ரூம் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம். நீண்ட வலிப்பு வருபவர் என்றால், வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் என்ற மருந்து ஸ்ப்ரேயை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, பக்கத்தில் வேறொருவர் சும்மா இருந்தால் வலிப்பைச் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவர் கண்ணெதிரே வலிப்பு வருவது அபூர்வம், கண் எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கையில் முதலில் ஆரம்பித்தது என்பதெல்லாம் எந்த வகை வலிப்பு என்று கண்டுபிடிக்க அவருக்கு ரொம்ப உதவும். அதை மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.