பல்கலைக்கழகம் சொல்லும் பெருமைகளை எப்படிப் படிப்பது: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியின் குறிப்பு

காட்பாடியிலிருந்து சித்தூர் போகிற ரோட்டில், கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் என் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம். ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்தால் ஜூலை வரை நிற்க இடம் இருக்காது. இந்தப் பக்கம் பிளஸ் டூ ரிசல்ட், அந்தப் பக்கம் ஆந்திராவில் அதே வகுப்புக்கான இன்டர் ரிசல்ட். குடியாத்தம், பொன்னையிலிருந்து வருவார்கள். சித்தூர், பலமநேர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் பஸ் ஏறி வருவார்கள். கையில் ஏதாவது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் வழவழப்பான புத்தகம் இருக்கும். பிரித்ததும் முதல் இரண்டு பக்கமும் பெருமைகள்தான். நாக் (கல்லூரிகளுக்குத் தரம் போடும் தேசிய அமைப்பு) ஏ பிளஸ் பிளஸ், தரவரிசை, 44 லட்சம் சம்பளம், 200 காப்புரிமை. புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்து, “இது நல்ல காலேஜாம்மா?” என்று கேட்பார்கள்.

நல்லது, கெட்டது என்று நான் சொல்வதில்லை. அந்தப் பக்கத்தைப் படிக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்கிறேன். அச்சடித்த பெருமைகளில் முக்கியமானவற்றுக்கு, அந்த நிறுவனமே எங்கேயோ எழுத்தில் கொடுத்த கணக்கு ஒன்று இருக்கும். அதைத் தேடி எடுக்க வேண்டும். பிறகு அந்தப் பெருமை உங்கள் பிள்ளை சேரப்போகும் பிரிவுக்கு, அந்த வளாகத்துக்கு, அந்த வருஷத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது என் தம்பியால்.

என் தம்பி 2004இல் இன்ஜினியரிங் சேர்ந்தான். கல்லூரி பேனரில் “என்பிஏ அங்கீகாரம் பெற்றது” என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். என்பிஏ என்பது இன்ஜினியரிங் மாதிரித் தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு. மொத்தக் கல்லூரிக்கும் என்று நினைத்துக்கொண்டோம். படித்து முடித்து, குவைத் போய், நல்ல வேலையில் இருந்தான். 2018இல் அங்கே புது விதி வந்தது: இன்ஜினியர் என்ற பதவியில் அக்காமா (அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி) புதுப்பிக்க வேண்டுமானால் குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். இந்தியாவில் படித்தவர்களுக்கு அவர்கள் பார்த்தது, படித்த பிரிவுக்கு என்பிஏ இருந்ததா என்பதை. அப்போதுதான் தெரிந்தது, அவன் படித்தபோது அந்தக் கல்லூரியில் இரண்டு பிரிவுக்குத்தான் அங்கீகாரம். அவன் பிரிவு அதில் இல்லை. பதவியை சூப்பர்வைசர் என்று மாற்றிக்கொண்டு இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தான். பேனரில் இருந்தது பொய் இல்லை. எந்தப் பிரிவுக்கு என்று அவர்கள் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் நைனா கடைசி வரை அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

என்பிஏ: பிரிவைக் கேளுங்கள்

அதனால் நான் முதலில் திறப்பது என்பிஏ இணையதளம். இந்த அங்கீகாரம் கல்லூரிக்குக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் கிடைப்பது. 3 வருஷம் அல்லது 6 வருஷம் செல்லும். எந்தக் கல்வியாண்டிலிருந்து எந்தக் கல்வியாண்டு வரை என்று பட்டியலில் இருக்கும். மெக்கானிக்கலுக்கு வாங்கியது, புதிதாகத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு வராது. புதுப் பிரிவில் இரண்டு செட்டாவது படித்து வெளியே வந்திருக்க வேண்டும், பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். பட்டியலில் டயர் 1 (பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கான வகை) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 2014இல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர் ஆனது. அதில் இருக்கும் வெளிநாடுகள் நம் இன்ஜினியரிங் பட்டத்தைத் தங்கள் பட்டத்துக்குச் சமமாகப் பார்ப்பது டயர் 1 அங்கீகாரம் பெற்ற படிப்புகளைத்தான். வளைகுடா, ஆஸ்திரேலியா என்று நினைப்பிருக்கும் வீடுகள் இந்த ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துச் சான்றிதழ்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் தம்பி வேறு கல்லூரி பார்த்திருப்பான்.

பெயர்ப்பலகை

தமிழ்நாட்டில் தனியார் பல்கலைக்கழகம் என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். 1956ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 3ஆம் பிரிவில் மத்திய அரசு அறிவித்தவை. எல்லை தாண்டினால் ஆந்திராவில் 2016இல் வந்த தனியார் பல்கலைக்கழகச் சட்டப்படி நடப்பவை இருக்கின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2017 நவம்பரில், பெயரில் ‘யுனிவர்சிட்டி’ என்ற சொல்லைப் போடாதீர்கள் என்று 123 நிகர்நிலை நிறுவனங்களுக்கு யுஜிசி எழுதியது. சட்டம் என்னவோ பெரிய விஷயமாகத் தெரியும், ஆனால் நம் வீட்டுக் கணக்கில் இடிப்பது வேறு இடத்தில். முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் தமிழக அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இன்ஜினியரிங் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். நிகர்நிலையில் நேரடியாகச் சேர்ந்தால் கிடையாது. பெருமைப் பக்கத்தைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கட்டிய பிறகு இதைக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஒரே பெயரில் பல ஊர்களில் வளாகம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எங்கள் ஊர் விஐடி 1984இல் வேலூர் பொறியியல் கல்லூரியாக 180 மாணவர்களோடு தொடங்கி, 2001இல் நிகர்நிலை ஆனது. அமராவதியில் 2017இல் தொடங்கிய விஐடி ஏபி, ஆந்திரச் சட்டத்தின் கீழ் வரும் வேறு பல்கலைக்கழகம். வேலூரின் தரவரிசை அமராவதிக்கு வராது, அமராவதியின் தரம் வேலூருக்கு வராது. சித்தூர்க்காரர்கள் இதைத்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள்.

நாக்

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1994இல் தொடங்கிய அமைப்பு. 4 மதிப்பெண்ணுக்குத் தரம் போடும். 3.51 முதல் ஏ பிளஸ் பிளஸ், 3.26 முதல் ஏ பிளஸ், 3.01 முதல் ஏ. பொதுவாக 5 வருஷம் செல்லும். எழுத்தோடு விட்டுவிடாமல் மதிப்பெண்ணையும் முடிகிற தேதியையும் கேளுங்கள். காலாவதியான தரத்தை எடுக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் ஆந்திராவில் ஒரு நிறுவனத்துக்கு நல்ல தரம் போட லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக்குழுவில் இருந்தவர்களையே சிபிஐ கைது செய்தது. அதற்காக நாக் தரமே வீண் என்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

தரவரிசையும் சம்பளமும்

இங்கேதான் உட்கார்ந்து நேரம் செலவழிக்க வேண்டும்.

2025 ஜூனில், தோத்தாபுரி மாங்காய் விலை விழுந்த சமயம், சித்தூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பெண்ணோடு வந்தார். புத்தகத்தில் “அதிகபட்ச சம்பளம் 44 லட்சம், சராசரி 8 லட்சம்” என்று இருந்த இடத்தைப் பேனாவால் சுழித்து வைத்திருந்தார். “இன்னாம்மா, இது மெய்யா?”

“மெய்யாவே இருக்கலாம்ணா. ஒரு வகுப்புல 9 பேரு வேலை வாங்குனாங்கன்னு வெச்சுக்கோங்க” என்று ஒரு தாளில் எழுதினேன். லட்சத்தில் 3, 3, 3.2, 3.5, 3.6, 4, 4, 4.5, கடைசியில் ஒருத்தருக்கு மட்டும் 44. கூட்டினால் 72.8. ஒன்பதால் வகுத்தால் சராசரி 8 லட்சத்துக்கு மேலே நிற்கும். வரிசையில் சரியாக நடுவில் நிற்கிற ஐந்தாவது பிள்ளைக்கோ 3 லட்சத்து 60 ஆயிரம்.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மண்டிக்காரன் மேல அடுக்குன காயைப் பாத்து லோடுக்கு வெலை சொல்ல மாட்டான். கோணியக் கொட்டி நடுவுலதான் பாப்பான்” என்றார். நான் பத்து நிமிஷம் விளக்கியிருக்கவே வேண்டாம்.

நடுவில் பார்ப்பதற்கு ஒரு கோப்பு இருக்கிறது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. அதில் கலந்துகொள்ளும் நிறுவனம் தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்திலும் வைக்க வேண்டும். கல்லூரி முகப்புப் பக்கத்தின் அடியில் என்ஐஆர்எஃப் என்று சின்ன எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கும். அழுத்தினால் வருஷ வாரியாகப் பிடிஎஃப் வரும். அதில் நான்கு வருஷப் பட்டப்படிப்புக்கு உள்ள அட்டவணையை எடுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுச் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்கு எத்தனை பேர் போனார்கள் என்று வரிசையாக இருக்கும். அங்கே போட்டிருப்பது மீடியன், சராசரி இல்லை. அந்த ஐந்தாவது பிள்ளையின் சம்பளம். அதுவும் வேலை கிடைத்தவர்களுக்குள் நடு என்பதை மறக்காதீர்கள்.

பிறகு மூன்று கணக்கு. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நேரத்துக்கு முடித்தார்கள்? முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை அல்லது மேற்படிப்பு? மொத்த மாணவர்களுக்கு எத்தனை ஆசிரியர்? கடைசிக் கணக்குக்கு அளவுகோல், இன்ஜினியரிங் பட்டப்படிப்பில் 20 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) விதி. மூன்று வருஷக் கோப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். அந்தப் பெண்ணே செல்போனில் கணக்குப் போட்டாள். நடுச் சம்பளம், புத்தகத்துச் சராசரியில் பாதிகூட வரவில்லை. ஆனால் அதே கோப்பில் நேரத்துக்குப் படிப்பை முடித்தவர்கள் நிறைய பேர் என்று இருந்தது. அதைப் புத்தகத்தில் போடவே இல்லை! உண்மையில் பெருமைப்பட வேண்டிய எண்ணை விட்டுவிட்டு 44 லட்சத்தைப் போட்டிருந்தார்கள்.

“5,000 வேலை வாய்ப்பு” என்று இருந்தால் 5,000 பிள்ளைகள் என்று படிக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று கம்பெனி ஆஃபர் கொடுத்தால் அது மூன்று. தரவரிசை எண் போட்டிருந்தால் எந்த வகையில் என்று கேளுங்கள். ஒட்டுமொத்தம், பல்கலைக்கழகம், இன்ஜினியரிங் மூன்றும் வேறு வேறு பட்டியல். 101–150 என்று கூட்டாகப் போட்டிருந்தால் அந்தக் கூட்டத்துக்குள் வரிசை கிடையாது, அகர வரிசையில்தான் இருக்கும். அதை “101ஆவது இடம்” என்று போட்ட நோட்டீஸையும் நான் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன்.

காப்புரிமை, விஞ்ஞானிகள், ஐஎஸ்ஓ

காப்புரிமையில் ‘வெளியிடப்பட்டது’ வேறு, ‘வழங்கப்பட்டது’ வேறு. விண்ணப்பம் போட்டால் 18 மாதத்தில் அது வழக்கமாகக் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும், யாரும் பரிசோதித்து ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை. 2021இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்த பிறகு விண்ணப்பங்கள் குவிகின்றன. வழங்கப்பட்டது எத்தனை என்று மட்டும் கேளுங்கள்.

“உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்” என்பது ஸ்டான்போர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மேற்கோள் எண்ணிக்கையை வைத்து ஆண்டுதோறும் தயாரிக்கும் பட்டியல். விருது இல்லை. அதில் வந்தவர் உங்கள் பிள்ளையின் பிரிவில் வகுப்பு எடுக்கிறாரா என்பதே கேள்வி. ஐஎஸ்ஓ சான்று நிர்வாக நடைமுறைக்கு, பாடம் நடத்துவதற்கு இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தம் என்றால் போன வருஷம் எத்தனை பேர் போய் வந்தார்கள் என்று கேளுங்கள், போதும்.

நான் மனதார மதிக்கிற பெருமையும் உண்டு. விஐடியில் ஸ்டார்ஸ் என்று ஒரு திட்டம். மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் முதலாக வரும் கிராமத்துப் பையன் ஒருவன், பெண் ஒருத்தி என்று எடுத்து, படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசமாகத் தருகிறார்கள். இது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று விரலை மடக்கி எண்ணிவிடலாம். எந்தப் பல்கலைக்கழகப் புத்தகத்திலும் இந்த மாதிரி வரி இருந்தால் அதில் நின்று படியுங்கள்.

நேரில் போகும்போது

பெற்றோருக்குச் சுற்றிக் காட்டுவதற்கென்றே வைக்கிற ஓபன் ஹவுஸ் நாளில் போகாதீர்கள். சாதாரண வேலை நாளில் மத்தியானம் போங்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் நிற்பார்கள். “உங்க டிபார்ட்மெண்ட்ல போன செட்டுல எத்தனை பேருக்கு வேலை?” என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். உள்ளே போனதும் பிரிவின் லேபைக் காட்டச் சொல்லுங்கள். புத்தகத்தில் படம் போட்ட மிஷின் எங்கே என்று கேளுங்கள். உறை போட்டு மூடியிருந்தால், பக்கத்தில் இருக்கும், மிஷினை ஓட்டிய நாளைக் குறிக்கிற லாக் புத்தகத்தில் கடைசித் தேதியைப் பாருங்கள்.

மாங்காய்க்காரர் மகள் அதைத்தான் செய்தாள். ஆகஸ்டில் ஹாஸ்டல் பாரம் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது புத்தகங்களைக் காட்டினாள். இரண்டு கல்லூரிப் புத்தகங்களின் பின் அட்டையிலும் ஒரே ஐந்து கேள்வி, பக்கத்தில் பதில், சொன்னவர் பதவி, தேதி. ஒன்றில் மூன்று பதிலுக்கு நேராக “கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்” என்று இருந்தது. ஹாஸ்டல் பாரம் இன்னொரு கல்லூரியுடையது.