முதல் ஏஏ கூட்டத்துக்குக் கிளம்பும் முன்

ஏஏ என்பது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒன்றாகக் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அந்தப் பெயரை ஊர்ப் பெயரோடு இணையத்தில் தேடினால், பக்கத்தில் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் மாறியிருந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் மறுபடி போக மனசு வராது.

'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தாரும் கூட வரலாம். 'மூடிய கூட்டம்' குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும். கட்டணம் கிடையாது. முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பேசக்கூட வேண்டாம், கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாலே போதும். ஒரு குழு ஒத்துவரவில்லையா, சரி, இன்னொன்றைப் பாருங்கள்.

அப்புறம், தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். அவர் முதலில் பார்க்க வேண்டியது டாக்டரை.