நகர ரயிலின் செலவு எங்கே ஏறுகிறது, கையெழுத்து யாருடையது: தேடிப் பிடிக்கும் வழி

கோயம்புத்தூருக்கு மெட்ரோ வருமா வராதா என்ற பேச்சு நீலகிரி மலையில் இருக்கும் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் வேலைக்கும் மேட்டுப்பாளையம் வழியாகக் கீழே இறங்குகிறவர்கள் நாம், ஊட்டி குன்னூர் கோத்தகிரிப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அங்கேதான் வாடகைக்கு இருக்கிறார்கள், கட்டப்போகும் பணத்தில் நம் வரியும் இருக்கிறது. 10,740 கோடி ரூபாய் என்று மாநில அரசு அனுப்பிய அந்தத் திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. நாளைக்கு அது வேறு வடிவில் வரலாம், சாலையோடு சாலையாக ஓடும் இலகு ரயிலாகக்கூட வரலாம். எப்படி வந்தாலும் ஒன்று நிச்சயம், இந்த மாதிரித் திட்டம் முதலில் சொன்ன தொகைக்குள் முடிவது அபூர்வம். 2002இல் வெளியான ஓர் ஆய்வு உலகம் முழுவதும் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்தது. அதில் ரயில் திட்டங்கள் மட்டும், விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும், மதிப்பீட்டைவிடச் சராசரியாக 45 சதவீதம் அதிகமாக விழுங்கியிருந்தன.

நம் மலை ரயிலும் விதிவிலக்கில்லை. 1885இல் கம்பெனி அமைத்து, 1891இல் வேலை தொடங்கி, 1894இல் அந்தக் கம்பெனி திவாலானது. இரண்டாவது கம்பெனி வாங்கித்தான் 1899இல் குன்னூர் வரை ஓட்ட முடிந்தது, ஊட்டிக்கு வந்து சேர 1908 ஆகிவிட்டது. நஷ்டப்பட்டது அன்றைக்குக் கம்பெனியின் பங்குதாரர்கள், இன்றைக்கு நாம்.

செலவு ஏறிய பிறகு டீக்கடையில் திட்டுவதோடு விட்டுவிடக் கூடாது. அரசு வேலையில் தொகை தானாக ஏறாது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு காகிதம் இருக்கிறது, அந்தக் காகிதத்தில் ஒருவருடைய கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தால் போதும்.

முதலில், எந்தத் தொகை என்று பாருங்கள்

செய்தியில் வரும் "திட்ட மதிப்பு" என்பது ஒரே எண் கிடையாது. விரிவான திட்ட அறிக்கையில், அதாவது டி.பி.ஆரில், குறைந்தது இரண்டு மூன்று தொகைகள் இருக்கும்: இன்றைய விலையில் எவ்வளவு, கட்டி முடிக்கும் ஆண்டில் எவ்வளவு, வரியும் கட்டுமானக் கால வட்டியும் சேர்த்து எவ்வளவு. விலை உயர்வுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் என்று வைத்திருந்தால் இன்றைய 100 கோடி எட்டு ஆண்டில் ஏறக்குறைய 148 கோடி ஆகிவிடும், இதில் யாரும் எதையும் திருடவில்லை. அதனால் பழைய அறிக்கையின் அன்றைய விலையையும் புதிய அறிக்கையின் முடிவு விலையையும் பக்கத்தில் வைத்து "பாதிக்குப் பாதி ஏற்றிவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால், பதில் சொல்ல வேண்டியவர் ஒரு நிமிடத்தில் தப்பித்துவிடுவார். எந்த ஆண்டு விலை என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். கொல்கத்தாவின் கிழக்கு-மேற்கு மெட்ரோ முதலில் 14.67 கிலோமீட்டருக்கு 4,875 கோடி. 2020இல் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட திருத்திய தொகை 16.6 கிலோமீட்டருக்கு 8,575 கோடி. நீளம் கொஞ்சம் கூடியது உண்மைதான், ஆனாலும் கிலோமீட்டருக்கு 332 கோடியாக இருந்தது 517 கோடி ஆகியிருக்கிறது. அந்த 185 கோடிதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. பாதை மாற்றமா, நிலம் கிடைக்காததா, கால தாமதமா, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மண்ணுக்குள் பார்த்தார்களா?

பணம் போகிற பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இலகு ரயில் சாலை மேலேயே ஓடுவதால் மலிவு என்பார்கள். ஆனால் சாலைக்கு அடியில் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின் கேபிள், டெலிபோன் கேபிள் எல்லாம் கிடக்கின்றன, தண்டவாளம் போடுமுன் அத்தனையையும் நகர்த்த வேண்டும். எது எங்கே கிடக்கிறது என்று சரியான வரைபடம் இல்லாமல் ஒப்பந்தம் போட்டால், தோண்டத் தோண்டக் கூடுதல் பில்தான்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர டிராம் இதற்குப் பெயர்போனது. விமான நிலையத்திலிருந்து நியூஹேவன் துறைமுகப் பகுதி வரை 54.5 கோடி பவுண்டுக்குள் முடிப்போம் என்றார்கள். குழாய்களை நகர்த்தும் வேலை முடியாமலே 2008இல் முக்கிய ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டார்கள், வரைபட வேலையும் முழுதாக முடிந்திருக்கவில்லை. ஒப்பந்தக்காரரோடு சண்டை, பாதியில் நின்ற வேலை, சமரசம் எல்லாம் தாண்டி 2014 மே மாதம் திறந்தபோது செலவு 77.6 கோடி பவுண்டு, பாதையோ நகர மையத்தில் உள்ள யார்க் பிளேஸிலேயே நின்றுவிட்டது, துறைமுகப் பகுதிக்குப் போகவே இல்லை. மீதிப் பாதை வந்து சேர 2023 ஆனது. ஆஸ்திரேலியாவின் சிட்னி இலகு ரயிலிலும் இதே கதைதான். சாலைக்கடியில் கிடந்த மின் கேபிள்களால் தகராறு, ஒப்பந்தக்காரர் நீதிமன்றம் போனார், அரசு 57.6 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து 2019இல் சமரசம் செய்துகொண்டது.

மலையில் இருப்பவர்களுக்கு இது புரிவது எளிது. நம் தடுப்புச் சுவர் வேலையில் நடப்பதும் இதே காரியம்தான். மேலே ஆள் உயரத்துக்கும் மேல் மக்கிய செம்மண், அடியில் பாறை, பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று துளை போட்டுப் பார்க்காமல் எஸ்டிமேட் போடுவது, பாதி தோண்டியதும் அஸ்திவாரம் இன்னும் ஆழம் போக வேண்டும் என்று கூடுதல் இனம், அதாவது முதல் மதிப்பீட்டில் இல்லாத வேலை, சேர்ப்பது. 2009 நவம்பர் மண்சரிவில் 40க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த மாவட்டம் இது. மண் பரிசோதனையை இங்கே யாரும் சம்பிரதாயமாக நினைக்கக் கூடாது.

அதனால் எந்த வேலையாக இருந்தாலும் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய காகிதம் மண் ஆய்வு அறிக்கை. எத்தனை இடத்தில் துளை போட்டார்கள், என்ன தேதியில் போட்டார்கள், அந்தத் தேதி டெண்டருக்கு முன்னா பின்னா. நகர ரயில் என்றால் இதோடு குழாய், கேபிள் வரைபடமும் கேளுங்கள். டெண்டருக்குப் பிந்திய தேதியில் மண் ஆய்வு இருந்தால், செலவு ஏறியதற்கான காரணத்தில் பாதி உங்கள் கைக்கு வந்துவிட்டது.

ஒப்பந்தத்தில் மழையும் நிலமும் யார் தலையில்?

ஒப்பந்தத்தை முழுதாகப் படிக்க வேண்டாம், மூன்று இடங்களைப் பாருங்கள்: விலை உயர்வுக்கு ஈடு தரும் பிரிவு, கால நீட்டிப்புப் பிரிவு, தாமதத்துக்கான அபராதப் பிரிவு. கால நீட்டிப்பு ஆணை ஒவ்வொன்றிலும் காரணம் எழுதியிருப்பார்கள். "எதிர்பாராத மழை" என்று இருந்தால் அந்த மாத மழையளவைக் கேட்டு ஒப்பிடுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அது எதிர்பாராத மழை. குன்னூரில் நவம்பரில் மழை பெய்தது என்பதற்கு ஒப்பந்தக்காரருக்கு நான்கு மாதம் சலுகை கொடுத்தால் கொடுத்தவர் விளக்க வேண்டும், வடகிழக்குப் பருவமழை இங்கே ஆண்டுதோறும் வருகிற விருந்தாளி.

நிலம் இன்னொரு பூதம். சென்னையில் வேளச்சேரி-பரங்கிமலை பறக்கும் ரயில் மொத்தமே 5 கிலோமீட்டர், 2008இல் வேலை தொடங்கியது, ஆதம்பாக்கத்தில் வெறும் 500 மீட்டர் நிலச் சிக்கலால் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. வேலையை ஒப்படைத்த நாளில் எத்தனை சதவீத நிலம் கையில் இருந்தது என்று கேளுங்கள். கொடைக்கானலுக்கு ரோப்கார் என்று பேச்சு எழும்போதும் இதே கேள்வியை, வன நிலத்தையும் சேர்த்து, முதல் நாளே கேட்கலாம்.

ஆர்.டி.ஐ. மனு எழுதுவது

2005 தகவல் உரிமைச் சட்டம்தான் நம் கையில் இருக்கும் பெரிய கருவி. துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அவ்வளவுதான். மாநில அரசின் இணையதளத்திலும் அனுப்பலாம். மனுவில் "ஏன்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஏன் செலவு கூடியது என்று கேட்டால், கோப்பில் இருப்பதைத்தான் தர முடியும், விளக்கம் தர முடியாது என்று திருப்பிவிடுவார்கள். காகிதத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். நான் எழுதும் விதம் இப்படி:

"மேற்படி பணிக்கான 1) முதல் நிர்வாக ஒப்புதல் மற்றும் தொழில்நுட்ப ஒப்புதல் ஆணைகள், 2) திருத்திய மதிப்பீடுகள் அனைத்தும், ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் அளித்த அலுவலரின் பதவியும் தேதியும், 3) கூடுதல் இனங்களின் பட்டியல், 4) கால நீட்டிப்பு ஆணைகள், விதித்த அபராதம், தள்ளுபடி செய்த அபராதம், 5) இதுவரை பட்டுவாடா செய்த பில்களின் விவரம், அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், 6) திருத்திய மதிப்பீடு தொடர்பான குறிப்புக் கோப்பு ஆகியவற்றின் நகல்களை வழங்கவும்."

அளவுப் புத்தகம் என்பது செய்த வேலையை அளந்து எழுதிவைக்கும் பதிவேடு. குறிப்புக் கோப்பு என்பது அலுவலர்கள் வரிசையாகத் தங்கள் கருத்தை எழுதிக் கையெழுத்திடும் கோப்பு. ஆறாவதாகக் கேட்கும் அதுதான் முக்கியம். கீழே இருந்த பொறியாளர் "இது ஒப்பந்தக்காரர் பொறுப்பு, கூடுதல் தொகை தேவையில்லை" என்று எழுதி, மேலே ஒருவர் அதை மீறிக் கையெழுத்து போட்டிருந்தால் குறிப்புக் கோப்பில்தான் தெரியும். நேர்மையாக எழுதிய அந்தப் பொறியாளரைக் காப்பாற்றுவதும் அதே காகிதம்தான்.

பணியை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும்கூட இந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது, 2(ஜே) பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கோப்பைப் போய்ப் பார்ப்பதற்கு முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை. நகல் கேட்பதற்கு முன் ஒரு தடவை போய்ப் புரட்டிப் பார்த்து, வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் பணம் கட்டுவது நல்லது.

"வணிக ரகசியம், 8(1)(டி)" என்று ஒரு பதில் வரும். ரயில் கம்பெனிகளிடமிருந்து இது அடிக்கடி வரும். அந்தப் பிரிவிலேயே பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம் என்று இருக்கிறது, ரகசியப் பகுதியை மட்டும் மறைத்து மீதியைத் தர 10ஆம் பிரிவு இருக்கிறது, இரண்டையும் மேல்முறையீட்டில் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரியாகவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தேதியைத் தவறவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்றாட வேண்டிவரும், காலண்டரில் குறித்துவிடுங்கள்.

மனு போடாமலே கிடைப்பவையும் உண்டு. 150 கோடிக்கு மேற்பட்ட மத்தியத் திட்டங்களின் முதல் தொகை, இன்றைய தொகை, முதல் கெடு, இன்றைய கெடு எல்லாம் மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் அறிக்கைகளில் வருகின்றன. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கைகள் அதன் இணையதளத்தில் இலவசம், சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழு அவற்றை எடுத்து விசாரிக்கிறது. நகராட்சி, பஞ்சாயத்து வேலை என்றால் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் தணிக்கைத் தடைகளை, அதாவது கணக்கில் தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்களை, கேளுங்கள்.

காகிதம் கிடைத்த பிறகு

மக்கள் பிரதிநிதிகள் கூடும் மன்றத்துக்குச் சொன்னது என்ன, கோப்பில் இருந்தது என்ன, இந்த இரண்டையும் ஒப்பிடுவதுதான் அடுத்த வேலை. கனடாவின் ஒட்டாவா இலகு ரயிலில் பெரிய தவறே இங்கேதான் நடந்தது. 2019இல் சோதனை ஓட்டம் சரியாக வராதபோது தேர்ச்சி அளவையே தளர்த்தினார்கள், அந்த விவரம் மேயருக்கும் சில அதிகாரிகளுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போனது, மாநகர மன்ற உறுப்பினர்களுக்குப் போகவில்லை. திறந்த பிறகு கதவு பழுது, தடம்புரளல் என்று வரிசையாக வந்து, கடைசியில் பொது விசாரணை வைத்து 2022 நவம்பரில்தான் இது அறிக்கையாக வெளிவந்தது. எடின்பரோவிலும் விசாரணை நடந்தது, 2014இல் ஆரம்பித்தது 2023இல்தான் அறிக்கை தந்தது, அதற்கே 1.3 கோடி பவுண்டு செலவு. மாநகராட்சியின் சொந்தக் கம்பெனியே மன்றத்துக்குச் சரியான தகவல் தரவில்லை என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. அத்தனை ஆண்டுகள் கழித்துத் தெரிந்து என்ன செய்வது? பொறுப்பில் இருந்தவர்கள் போயே போய்விட்டார்கள். வேலை நடக்கும்போதே கேட்பதுதான் வழி.

உங்கள் வார்டு கவுன்சிலரிடம் புகாராகப் போகாதீர்கள், எழுதிய கேள்வியாகக் கொடுங்கள், பெரும்பாலானவர்களுக்குக் கோப்பு கண்ணில் படுவதே இல்லை. கேள்வி குறுகியதாக இருக்கட்டும்: முதல் தொகை இவ்வளவு, இன்றைய தொகை இவ்வளவு, வித்தியாசத்தில் விலை உயர்வு எவ்வளவு, வேலை அளவு கூடியது எவ்வளவு, நிலமும் தாமதமும் எவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் தந்த பதவி எது. திருட்டு என்ற சொல்லை நிரூபணம் வரும்வரை தொடாதீர்கள். பாறை உண்மையிலேயே ஆழத்தில் இருந்திருக்கலாம், அதற்குக் கூடுதல் கொடுத்தது சரியாகக்கூட இருக்கலாம், அப்படி இருந்தால் அதையும் ஊருக்குச் சொல்லுங்கள்.

பஞ்சாயத்து என்றால் கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரிய ரயில் வரும்வரை காத்திருக்காமல் உங்கள் தெருவில் போன வருடம் கட்டிய தடுப்புச் சுவர் ஒன்றை எடுத்துக்கொண்டு இதே ஆறு காகிதங்களைக் கேட்டுப் பழகுங்கள், தொகை சிறிதாக இருந்தாலும் கோப்பின் அமைப்பு ஒன்றுதான். சபையில் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். கேள்வியும் பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.