ஜோர்பீடில் பாறு பார்க்கப் போகிறீர்களா?

ராஜஸ்தானின் பிகானேர் நகரை ஒட்டியிருக்கிறது ஜோர்பீட் காப்பகம். இறந்த ஒட்டகங்களையும் மாடுகளையும் கொண்டுவந்து போடும் இடம்தான் இங்கே பாறுகளுக்கு, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளுக்குப் பந்தி. அதனால் நாற்றம் கடுமையாக இருக்கும். முகக்கவசம் ஓரளவுதான் உதவும். காற்று முதுகுப்பக்கம் இருந்து வீசும்படி வண்டியை நிறுத்துவதே உருப்படியான வழி.

நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் ஸ்டெப்பி கழுகுகள் அப்போதுதான் கூட்டமாக இருக்கும். விடியற்காலையிலேயே ஓட வேண்டியதில்லை. வெயில் ஏறித் தரை சூடாகி, வெப்பக்காற்று மேலெழுந்த பிறகே பாறுகள் வட்டமிடும். அதுவரை மரங்களிலும் தரையிலும் உட்கார்ந்திருக்கும். படம் எடுக்க அதுவே நல்ல நேரம்.

தொடக்கக்காரர்கள் தடுமாறுவது அடையாளத்தில். ஸ்டெப்பி கழுகின் மஞ்சள் வாய்க்கோடு கண்ணின் பின்விளிம்பு வரை நீளும். அதைப் பார்த்தால் போதும். மஞ்சள்முகப் பாறுவின் குஞ்சு வளரும்வரை கரும்பழுப்பாகவே இருக்கும். பறக்கும்போது ஆப்பு வடிவ வாலைக் கவனியுங்கள்.

வண்டியை விட்டு இறங்காதீர்கள். பறவைகள் கலைந்துவிடும் என்பது ஒருபுறம். பிணம் தின்று பழகிய தெருநாய்க் கூட்டம் மறுபுறம். என்னைக் கேட்டால், நாய்களுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

வீட்டில் மாடு வளர்ப்பவர்களுக்கு ஒன்று: இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்னும் பாறுகளைக் கொல்லும் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து கால்நடைகளுக்கு 2006-லேயே தடை செய்யப்பட்டது. வலிமருந்து வேண்டுமென்றால் மெலாக்சிகாம் கேளுங்கள்.